இயந்திரம் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓர் அக்கா இருக்கிறார். இருபத்தேழு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப் பார்த்தவர். சிப்பிலிருந்து வெளிக்காலுக்குப் போகும் தங்கக் கம்பி, தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். அது எங்கே சாய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். இப்போது அவருக்கு வேறு வேலை. கணினித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ‘நல்லது’, ‘கம்பிச் சாய்வு’, ‘கீறல்’, ‘தூசு’ என்று பெயர் போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில்.

ஒருநாள் கேன்டீனில் என்னிடம் கேட்டார்: “தம்பி, இந்த ஏஐ தானாவே யோசிக்குதுன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு என்னை உட்கார வச்சு இத்தனை படத்துக்குப் பேர் போடச் சொல்றீங்க?”

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. அன்று சோறு ஆறிப்போகும்வரை அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், ஏஐ அல்லாத கணினி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது விதிப்படி நடக்கும். சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் கூடுதல் நேரம் பார்த்தால் ஒன்றரை மடங்கு. இது விதி. ஒருமுறை எழுதிவைத்தால் போதும், ஆயிரம் பேருக்கும் பிசகாமல் கணக்குப் போட்டுவிடும். ஆனால் கண் பார்த்துச் சொல்கிற வேலைக்கு விதி எழுத முடியுமா? எங்கள் தொழிலில் அதைத்தான் முதலில் செய்தார்கள். இந்த இடத்தில் வெளிச்சம் இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் குறை, கம்பியின் கோணம் இவ்வளவைத் தாண்டினால் குறை என்று கேமராவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஓரளவுக்கு நன்றாகவே ஓடியது. ஆனால் விளக்கு கொஞ்சம் மங்கினாலும், ஒரு துளி நிழல் விழுந்தாலும் நல்ல சிப்பையும் தள்ளிவிடும். லைனில் இதை ‘ஓவர்கில்’ என்போம். சரி என்று விதியைத் தளர்த்தினால், கெட்ட சிப் நல்லதோடு சேர்ந்து வாடிக்கையாளர் கைக்கே போய்விடும். அதற்கு ‘எஸ்கேப்’ என்று பெயர். ஒன்றை அமுக்கினால் மற்றொன்று எழும்.

“நீங்க எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?” என்று அவரிடமே கேட்டேன். “பார்த்தாலே தெரியுது தம்பி” என்றார். அந்தப் ‘பார்த்தாலே தெரியுது’ என்பதை விதியாக எழுத எவராலும் முடியவில்லை. அவரும் விதி படித்துக் கற்றுக்கொண்டவர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்தில் ஒரு சீனியர் உட்கார்ந்து “இது பாஸ், இது ரிஜெக்ட்” என்று ஆயிரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க, கண் தானாகப் பழகியது. இயந்திரக் கற்றல் என்று சொல்வதும் இதைத்தான். விதியை எழுதிக் கொடுக்காமல், எடுத்துக்காட்டையும் அதற்குரிய விடையையும் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள தொடர்பை இயந்திரத்தையே தேடவைப்பது. இன்று நாம் ஏஐ என்று கூப்பிடுவதில் பெரும்பகுதி இதுதான்.

எப்படித் தேடுகிறது? என் அப்பாவிடம் ஒரு பழைய ரேடியோ இருந்தது. தோட்டத்து வீட்டில் மாலையானால் தமிழ் ஒலிபரப்பைப் பிடிக்கத் திருகை மெல்லத் திருப்புவார். கரகரப்பு கூடினால் பின்னால் திருப்புவார், குறைந்தால் அதே பக்கமாக இன்னும் கொஞ்சம். குரல் தெளிவாகும்வரை இப்படியே நடக்கும். இந்த ஒரு திருகுக்குப் பதிலாக மில்லியன் கணக்கில் திருகுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகும் ஓர் எண். அதை ‘எடை’ என்பார்கள்; அடுக்கடுக்காகக் கோத்த எடைகளின் தொகுப்பை ‘வலை’ என்பார்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் எண்ணாக உள்ளே போகும். எடைகளால் பெருக்கப்பட்டு, கூட்டப்பட்டு, அடுக்கடுக்காகக் கடந்து, கடைசியில் ஒரு விடையாக வெளியே வரும்: கம்பி சாய்ந்திருக்க 83 விழுக்காடு வாய்ப்பு. அக்கா போட்ட பெயரோ ‘நல்லது’. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை.

அடுத்து நடப்பதில்தான் சூட்சுமம். அந்தப் பிழையில் எந்தத் திருகுக்கு எவ்வளவு பங்கு என்று கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்குவரை பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு மயிரிழை திருப்புவார்கள். மறுபடி அடுத்த படம், மறுபடி பிழை, மறுபடி திருப்பம். 1986-இல் டேவிட் ருமெல்ஹார்ட், ஜெஃப்ரி ஹிண்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையால் பரவலான வழி இது. எல்லாம் முடிந்த பிறகு உள்ளே திறந்து பார்த்தால் ‘கம்பி’ என்றோ ‘கீறல்’ என்றோ எதுவும் எழுதியிருக்காது. வெறும் எண்கள். ஆனால் அந்த எண்களில் அக்காவின் பார்வை படிந்திருக்கும்.

‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயருக்கு வயது ஏறக்குறைய எழுபது. 1955-இல் அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தியும் உடன் மூவரும் ஓர் ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில்தான் அந்தச் சொல் வந்தது. பத்துப் பேர் இரண்டு மாதம் ஒன்றாக உட்கார்ந்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணலாம் என்று நம்பினார்கள். 1956 கோடையில் டார்ட்மத் கல்லூரியில் கூடவும் செய்தார்கள். அந்த நம்பிக்கை பலிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1958-இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் செய்த ‘பெர்செப்ட்ரான்’, எடைகளைத் திருத்திக் கற்கும் முதல் இயந்திரங்களில் ஒன்று. ஓர் அடுக்கு மட்டுமே கொண்ட வலையால் சில எளிய கணக்குகளைக்கூடப் போட முடியாது என்று 1969-இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் காட்டிய பிறகு, அந்தப் பக்கம் ஆர்வமும் பணமும் வற்றின. விதி எழுதும் வழியும் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆய்வும் தொடர்ந்தன. சென்னைக் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு வெளிநாடு போன ராஜ் ரெட்டி, கணினிக்குப் பேச்சைக் கேட்கப் பழக்கியவர்களில் முன்னோடி. 1994-இல் கணினித் துறையின் உயரிய பரிசான டியூரிங் விருது அவருக்கும் இன்னோர் ஏஐ ஆய்வாளரான எட்வர்ட் ஃபெய்கன்பாமுக்கும் பகிர்ந்து கிடைத்தது.

திருப்பம் வந்தது 2012-இல். இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பை வைத்து ஒரு போட்டி ஆண்டுதோறும் நடந்துவந்தது. படத்தில் இருப்பது என்ன என்று கணினி சொல்ல வேண்டும்; ஐந்து ஊகம் சொல்லலாம். அந்த ஆண்டு ஹிண்டனும் அவருடைய மாணவர்கள் இருவரும் கொண்டுவந்த வலை 15.3 விழுக்காடு தவறியது. இரண்டாம் இடத்தில் வந்தது 26.2 விழுக்காடு தவறியது. வெற்றிபெற்ற வலையில் இருந்த திருகுகள் 60 மில்லியன். அதற்குப் பாடம் நடத்தியது வீடியோ கேம் ஆடுவதற்காக விற்கப்பட்ட இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகள்.

இந்தக் கதையை எல்லோரும் ஹிண்டனோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு 2024-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது, நியாயம்தான். ஆனால் இமேஜ்நெட்டில் இருந்த 14 மில்லியன் படங்களுக்குப் பெயர் போட்டது யார்? அந்தத் தொகுப்பை உருவாக்கிய ஆய்வாளர் ஃபே-ஃபே லீயின் குழு அந்த வேலையை இணையம் வழியாகக் கூலிக்குக் கொடுத்தது. 167 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 49,000 பேர் வீட்டில் உட்கார்ந்து ‘இது நாய், இது நாற்காலி’ என்று பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் 2012 இல்லை. “அப்போ என்னை மாதிரி 49,000 பேர்” என்றார் அக்கா. ஆமாம்.

பினாங்கில் இருக்கும் நமக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது, அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இன்டெல் இங்கேதான் திறந்தது. உலகில் நடக்கும் சிப் பொதியிடல், சோதனைப் பணிகளில் மலேசியாவின் பங்கு ஏறக்குறைய 13 விழுக்காடு என்கிறார்கள். வயல்காடாகவும் கம்பமாகவும், அதாவது மலாய்க் கிராமமாகவும், இருந்த இடத்தில் எழுந்த ஆலைகளுக்குத் தமிழ், மலாய், சீனப் பெண்கள் பஸ் பிடித்து வந்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார்கள். ஏஐ ஓடுவதே சிப்பில்தான். அந்தச் சிப்பைச் சோதித்த கண்களில் நம் அம்மாக்களின் கண்களும் இருந்தன.

எடுத்துக்காட்டு சரியாக இருந்தால் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று, நமக்கு மிக நெருக்கமானது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நம்மில் எந்தக் குடும்பத்தில் இனிப்புநீர் இல்லை? அது கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். 2016-இல் கூகிள் ஆய்வாளர்கள் 128,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு வலைக்குப் பாடம் நடத்தினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் படம் கொடுத்த இடங்களில் அடங்கும். விடை எழுதியவர்கள் 54 கண் மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஏன் அத்தனை பேர்? ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விடை சொல்வது சகஜம். விடையே உறுதியில்லாவிட்டால் மாணவன் என்ன செய்வான்? இப்படிக் கற்றுக்கொண்ட வலை, சோதனையில் கண் மருத்துவர்களுக்கு இணையாக நின்றது.

ஆனால் அதே தொழில்நுட்பத்தைத் தாய்லாந்தில் 11 சுகாதார நிலையங்களில் வைத்தபோது, எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ‘தரமில்லை’ என்று அது திருப்பி அனுப்பியது. காரணம் சாதாரணமானது. நல்ல படம் எடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். பல இடங்களில் அப்படி இருட்டாக்க வசதியில்லை. அது தெளிவான படங்களில் படித்த மாணவன். தாதிமார் தங்கள் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய சில படங்களைக்கூட அது ஏற்கவில்லை. நோயாளிகள் இன்னொரு நாள் இன்னோர் இடத்துக்கு அலைய நேர்ந்தது. 2020-இல் அந்தக் குழுவே இதை வெளிப்படையாக எழுதியது. எனக்கு அந்த இரண்டாவது கட்டுரைமீதுதான் மதிப்பு அதிகம்.

இனி, எல்லோரும் போனில் வைத்துப் பேசும் ஏஐக்கு வருவோம். அதுவும் இதே கதைதான், பாடம் மட்டும் வேறு. படத்துக்குப் பெயர் போடுவதற்குப் பதிலாக, ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி ‘அடுத்து என்ன வரும்?’ என்று கேட்பார்கள். விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது; தனியாக யாரும் எழுத வேண்டியதில்லை. இணையத்தில் கிடைக்கும் எழுத்தெல்லாம் பாடப்புத்தகம். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில் திருகுகள் 175 பில்லியன். அடுத்த சொல்லைச் சரியாக ஊகிக்க, இலக்கணம், வழக்கு, ஊர்ப்பெயர், சமையல் குறிப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடைகளில் படிந்துவிடுகின்றன.

இதைச் சாத்தியமாக்கியது, 2017-இல் ஆஷிஷ் வாஸ்வானி உட்பட எட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ அமைப்பு. அதன் உயிர்நாடி ‘கவனம்’. குவீன் ஸ்திரீட் பூக்கடையில் நின்று, “மாலை வாங்கிட்டு வரேன்” என்கிறோம். “மாலை ஆறு மணிக்கு வரேன்” என்றும் சொல்கிறோம். முதல் மாலை கழுத்துக்கு, இரண்டாவது பொழுது. ‘வாங்கிட்டு’, ‘ஆறு மணி’ என்ற பக்கத்துச் சொற்களைக் கவனித்துத்தானே நாம் பிரித்துக்கொள்கிறோம்? டிரான்ஸ்ஃபார்மரும் ஒவ்வொரு சொல்லுக்கும் மற்ற எந்தச் சொற்களை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்பதைக் கணக்காகப் போடுகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றதே.

அப்படியானால் எடுத்துக்காட்டில் இல்லாதது? சென்ற மாதம் என் அம்மா போனில் குரல்வழிச் செய்தி அனுப்பினார்: “வரும்போது நாசி கண்டார் தாப்பாவ் பண்ணிட்டு வா.” பினாங்கில் பிறந்த குழந்தைக்கும் புரியும் வாக்கியம்; தாப்பாவ் என்றால் பொட்டலம் கட்டி வாங்குவது. எழுத்தாக மாற்றித்தரும் வசதி ‘நாசி கண்டார்’ என்று சரியாகவே எழுதியது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொன்னபோதோ, யாரோ ஒருவர் மூக்கைப் பார்த்ததாகச் சொன்னது. நாசி என்றால் மூக்கு, கண்டார் என்றால் பார்த்தார். அது படித்த தமிழில் அப்படித்தான். நாசி என்றால் மலாயில் சோறு என்பதும், காவடித் தண்டில் சோறு தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த சாப்பாடு அது என்பதும் அதன் பாடப்புத்தகத்தில் போதிய தடவை வரவில்லை. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “நான் பேசறது தமிழ் இல்லையா?” என்றார். தமிழ்தான் அம்மா. 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய நாளுக்கும் முன்பிருந்தே இந்தத் தீவில் பேசிவரும் தமிழ்.

தமிழுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. மொழி மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். கணினியில் எழுத்து பிடிக்கும் இடத்தைப் பைட் கணக்கில் அளப்பார்கள். ஆங்கில, மலாய் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘மக்கான்’ என்ற மலாய்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் ஐந்து பைட். ‘தமிழ்’ என்று எழுதினால் பதினைந்து; த, ம, கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஆங்கிலம் அதிகம் படித்த மொழி மாதிரி, ஆங்கிலச் சொல்லை முழுதாக விழுங்கும், தமிழ்ச் சொல்லை நொறுக்கி நொறுக்கி விழுங்கும். துண்டு கூடினால் நேரமும் செலவும் கூடும். புதிய மாதிரிகளில் இது நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனால் தீரவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை. என் மகளுக்குப் பள்ளிப் பேச்சுப் போட்டி. நன்றி மறவாமை பற்றி ஒரு குறள் வேண்டும் என்று ஒரு ஏஐ உரையாடியிடம் கேட்டாள். குறள் எண்ணோடும் விளக்கவுரையோடும் உடனே வந்தது. மறுநாள் அவளுடைய தமிழாசிரியர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “இரண்டாம் அடியில எத்தனை சீர் இருக்குமா?” எண்ணிப் பார்த்தால் நான்கு. குறளின் இரண்டாம் அடிக்கு மூன்று சீர்தான். 1330 குறள்களில் எங்கும் இல்லாத குறள் அது! இயந்திரம் பொய் சொல்லவில்லை; பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் திருக்குறளை அடுக்கிவைத்த அலமாரி எதுவும் கிடையாது. ‘இந்த இடத்தில் எப்படிப்பட்ட சொற்கள் வரும்’ என்ற ஊகம் மட்டுமே உண்டு. அந்த ஊகம் பெரும்பாலும் உண்மையோடு ஒத்துப்போகும், சில நேரம் போகாது. இரண்டையும் அது ஒரே குரலில்தான் சொல்லும். மருந்து, சட்டம், பணம், சமயம் இவற்றில் அது சொன்னதை மூலத்தோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள்.

குரலைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில விநாடிப் பதிவு இருந்தாலே ஒருவர் குரலைப் போலப் பேசவைக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. “அம்மா, நான் விபத்துல மாட்டிக்கிட்டேன், பணம் அனுப்பு” என்று உங்கள் பிள்ளையின் குரலிலேயே அழைப்பு வரலாம். போனை வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள பிள்ளையின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். வீட்டில் வயதானவர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

நம் தமிழ் இயந்திரத்துக்குப் புரிய வேண்டும் என்றால், நம் தமிழில் எடுத்துக்காட்டுகள் வேண்டும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனில் எத்தனை தலைமுறையின் மலேசியத் தமிழ் கிடக்கிறது! இப்படிப்பட்ட பழைய இதழ்களை ஸ்கேன் செய்து படமாக வைத்தால் மட்டும் போதாது. தேடவும் படிக்கவும் கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும். பேச்சுக்கு, மொசில்லா நடத்தும் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாக்கியத்தை வாசித்துப் பதிவுசெய்யலாம், பிறர் பதிவைக் கேட்டுச் சரியா என்று சொல்லலாம். என் அம்மாவை உட்காரவைத்து இருபது வாக்கியம் வாசிக்கவைத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது: “அது முழுசா கத்துக்கிட்டா எனக்கு வேலை இருக்குமா?” இல்லாத நம்பிக்கையை நான் கொடுக்கவில்லை. அவருடைய பழைய லைனில் முன்பு பன்னிரண்டு பேர் பார்த்தார்கள், இப்போது மூன்று பேர். மற்றவர்கள் வேறு பகுதிக்குப் போனார்கள், சிலர் வீட்டுக்கே போனார்கள். அந்த ஒன்பது பேரின் பார்வையும் இயந்திரத்துக்குள் இருக்கிறது. அதற்கென்று தனியாக யாரும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கவில்லை. இது சரியல்ல என்று நான் நினைக்கிறேன், கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு படத்தில் தகராறு. அக்கா ‘கீறல்’ என்றார், பக்கத்து மேசையில் இருக்கும் மலாய்க்காரப் பெண் ‘தூசு’ என்றார். கீறல் என்றால் சிப் குப்பைக்குப் போகும், தூசு என்றால் ஊதிவிட்டு அனுப்பலாம். என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கும் பிடிபடவில்லை. ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்றுகூடத் தோன்றியது.

“வேணாம் தம்பி” என்றார் அக்கா. “நாம தப்பாப் போட்டா அதுவும் தப்பாத்தானே படிக்கும். படத்தை வச்சு வேணாம், அந்தச் சிப்பையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க.” நான் ட்ரேயைத் தேடி எடுத்துவருவதற்குள், மூலையில் உறைபோட்டு வைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப்பைத் திறந்து விளக்கைப் போட்டிருந்தார்.